கூப்பன் மாவும் காலிமுகத்திடலும்

நீலகிரியில் பந்தலூர்ப் பக்கத்து ஆடி மழையை நம் பழைய மாணவர் சங்கத்தாருக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. தகரக் கூரையில் அது இறங்க ஆரம்பித்தால் வாத்தியார் வாயசைப்பது மட்டும்தான் தெரியும். கணக்கு டீச்சர் போர்டில் நாலு கணக்கை எழுதிப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார். வரலாறு சார் அப்படி விடமாட்டார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பெஞ்சுகளுக்கு நடுவே வந்து, எல்லோரையும் நெருங்கி உட்காரச் சொல்லி, பாடப்புத்தகத்தில் இல்லாத சரித்திரத்தை உரத்த குரலில் சொல்லுவார்.

1953 இலங்கை ஹர்த்தாலை நான் அப்படித்தான் கேட்டேன். கொத்து (அங்கே அரிசி அளக்கும் படி) 25 சதத்துக்கு விற்ற அரிசியை அரசாங்கம் ஒரேயடியாக 70 சதமாக ஏற்றியது. ஆகஸ்ட் 12-ஆம் தேதி நாடு எழுந்து நின்றது. தண்டவாளங்களைப் பெயர்த்தார்கள், சாலைகளை மறித்தார்கள். மந்திரிசபை தலைநகரத்தில் கூடப் பயந்து, கொழும்புத் துறைமுகத்தில் நின்ற நியூஃபவுண்ட்லாந்து என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஏறிக் கூட்டம் போட்டது. இரண்டு மாதத்தில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவியை விட்டார். "சோத்துல கை வச்சா எந்த ராஜாவும் நிக்க முடியாதுடா" என்று சார் தொடையைத் தட்டிச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அப்போது இங்கே நெருக்கடி நிலை நடந்துகொண்டிருந்தது. 1976 ஜனவரி 31-இல் சென்னையில் இருந்த ஆட்சியைக் கலைத்திருந்தார்கள். அந்த நாளில் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியர் வகுப்பில் இந்தக் கதையைச் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பது எனக்குத் தலை நரைத்த பிறகுதான் உறைத்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் அப்பாவிடம், அந்த ஹர்த்தாலில் நீங்களும் இருந்தீர்களா என்று கேட்டேன். அப்பா பீடியை அணைத்தார். "எங்க தோட்டத்துல அன்னைக்கும் பேர் போட்டாங்கப்பா, வேலை நடந்துச்சு. கொழுந்து எடுத்தோம். நமக்கு ஓட்டே இல்ல. நாம தெருவுக்கு வந்தா யாருக்கு என்ன?"

நம் வகுப்பில் பாதிப் பேருக்கு இந்தப் பதில் புரிந்திருக்கும். அட்டன், நோர்வூட், பதுளை, அப்புத்தளை என்று ஆளுக்கொரு ஊரிலிருந்து, தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் காத்துக் கிடந்து, தமிழ்நாடு அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டத்து வீடுகளுக்கு வந்து சேர்ந்தவர்கள் நாம். நம்மோடு படித்த மலையாளப் பிள்ளைகளும் மௌண்டாடன் செட்டிப் பிள்ளைகளும் பணியர் பிள்ளைகளும் நம்மைச் 'சிலோன்காரங்க' என்றுதான் கூப்பிட்டார்கள். அங்கே நாம் இந்தியக் கூலிகளாக இருந்தோம். 1948-இன் குடியுரிமைச் சட்டம் நம் பெற்றோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போனது. 1964 அக்டோபர் 30-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் நம்மைப் பங்கு பிரிக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இந்தக் கணக்கில் இருந்த ஒருவரிடமும் உனக்கு எங்கே இருக்க ஆசை என்று யாரும் கேட்கவில்லை.

எங்கள் குடும்பம் கிளம்பியதற்குக் கடைசிக் காரணம் பசி. 1973, 74-இல் இறக்குமதி சுருங்கி, ரேஷன் கூப்பனுக்குக் கிடைக்கும் மாவு குறைந்துகொண்டே வந்தது. மாவு முடிந்த அன்று அம்மா சாக்கை உள்புறம் வெளியே திருப்பி, முறத்துக்கு மேலே பிடித்துத் தட்டுவாள். தையலோரத்தில் சிக்கியிருக்கும் மாவை ஈர்க்குச்சியால் கீறி எடுப்பாள். அதில் வண்டும் நூலும் சேர்ந்தே வரும். அவற்றைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, அவித்த மரவள்ளியோடு பிசைந்து ரொட்டி தட்டுவாள். பெரியவர்களுக்கு வெறும் சாயத் தண்ணீர்தான், அதாவது பால் இல்லாத தேநீர். அந்த வருடங்களில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் விழுந்தன. அதற்காகக் கொழும்பில் யாரும் கூடாரம் போடவில்லை.

இதைச் சொல்லிவிட்டுத்தான் 2022-க்கு வரவேண்டும். ஏனென்றால் இலங்கை ஜனங்கள் ராஜபக்சக்களை எதிர்த்து எழுந்ததில் நமக்கென்ன என்று நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் அந்த ஆண்டு நடந்த வாக்குவாதம் பலருக்கும் நினைவிருக்கும். அதற்கு அங்கே நான் அரைகுறையாகத்தான் பதில் எழுத முடிந்தது. முழுப் பதிலை இந்த மலரில் எழுதுகிறேன்.

அந்த ஜூலையில் லண்டனிலிருந்து சேரம்பாடிப் பக்கம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மழை வழக்கம்போல மரங்களைச் சாய்த்து மின்கம்பிகளை அறுத்திருந்தது. கரண்ட் இல்லை, டிவி இல்லை. செல்போனில் சிக்னல் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும் கிடைக்கும். 9-ஆம் தேதி மத்தியானம் அங்கே பத்துப் பதினைந்து பேர் குடை பிடித்து நின்றோம். பொகவந்தலாவையில் இருக்கும் எங்கள் சித்தப்பா பேத்தி வீடியோக்களை அனுப்பிக்கொண்டே இருந்தாள். பெட்ரோல் இல்லாத நாட்டில் ஜனங்கள் நடந்தும் சைக்கிளிலும் லாரியிலும் ரயிலிலும் கொழும்புக்கு வந்து குவிந்திருந்தார்கள். ஜனாதிபதி மாளிகையின் கதவுகள் திறந்துகொண்டன. ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச கடற்படைக் கப்பலுக்குப் போய்விட்டார் என்று செய்தி வந்ததும் எனக்கு வரலாறு சார் ஞாபகம்தான் வந்தது. அறுபத்தொன்பது வருடம் கழித்தும் ஆள்பவர்களுக்கு ஒளிய இடம் கப்பல்தான்.

அக்காவின் மாமியாரைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவோம். நோர்வூட்டில் கொழுந்தெடுத்த கை. நீச்சல் குளத்தில் பையன்கள் குதிக்கும் படத்தைக் காட்டினோம். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும் தம்பி, அங்க நம்ம புள்ளைங்களுக்கு மாவு கெடச்சுதாமா?" என்று கேட்டார். யாரிடமும் பதில் இல்லை.

அந்தக் கூட்டம் ஏன் திரண்டது என்பதை நம் பிள்ளைகளும் தெரிந்துகொள்ளட்டும். 2019 நவம்பரில் கோட்டாபய ஜனாதிபதியானார். அண்ணன் மகிந்த பிரதமர். தம்பி பசில் பின்னால் நிதியமைச்சர். மூத்த அண்ணன் சமல், மகிந்தவின் மகன் நாமல் இருவரும் அமைச்சர்கள். 2020-இல் அரசியலமைப்பில் 20-ஆவது திருத்தம் கொண்டுவந்து அதிகாரத்தையெல்லாம் ஒரு நாற்காலிக்கு இழுத்துக்கொண்டார்கள். வந்த கையோடு வரிகளை வெட்டினார்கள். மதிப்புக் கூட்டு வரி 15 சதவீதத்திலிருந்து 8 ஆனது. 2020 அக்டோபரில் சீனி இறக்குமதி வரியைக் கிலோவுக்கு 50 ரூபாயிலிருந்து 25 சதத்துக்கு இறக்கினார்கள். கடையில் சீனி விலை இறங்கவில்லை. அரசுக்கு ஆயிரத்தைந்நூறு கோடி ரூபாய்க்கு மேல் நட்டம் என்று கணக்கு வெளியானது. அந்தப் பணம் இறக்குமதியாளர்கள் மடியில் விழுந்தது. 2021-இல் ஒரே இரவில் ரசாயன உரத்துக்குத் தடை. தேயிலை தெரிந்த யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சித்தப்பா பேத்தி அப்போது அனுப்பிய படத்தில் செடியின் மேல்தட்டு முழுக்க வெளிறிய மஞ்சள், கொழுந்துக்குப் பதில் வளராமல் நின்றுபோன மொட்டுதான், தோட்டத்தில் பஞ்சி என்போமே, அது விழுந்திருந்தது. கொழுந்து குறைந்தால் நிறை வராது, நிறை வராவிட்டால் அரை நாள் பேர், அரை நாள் சம்பளம். 1,000 ரூபாய் நாள் சம்பளம் என்று அரசிதழில் வந்தது அதே ஆண்டுதான். உரம் இல்லாத மலையில் அந்த ஆயிரத்தை முழுசாக எண்ணி வாங்கியவர்கள் எத்தனை பேர்?

2022 மார்ச்சில் காகிதம் இல்லாமல் பள்ளித் தேர்வுகளைத் தள்ளிப்போட்டார்கள். ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு. மார்ச் 31 இரவு கொழும்புக்குப் பக்கத்து மிரிஹானையில் ஜனாதிபதியின் வீட்டு வாசலில் ஜனங்கள் கூடினார்கள். ஏப்ரல் 9-இலிருந்து கொழும்புக் கடற்கரையில் இருக்கும் காலிமுகத்திடலில் கூடாரம் போட்டு 'கோட்டாகோகம', அதாவது 'கோட்டா, வெளியே போ' கிராமம், என்று ஓர் ஊரையே எழுப்பினார்கள். சமையல்கட்டு, நூலகம், மருத்துவ முகாம் எல்லாம் இருந்தன. ஏப்ரல் 12-இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கமே கையை விரித்தது. மே 9-இல் பிரதமர் மாளிகையிலிருந்து கிளம்பிய ஆட்கள் அந்தக் கூடாரங்களை அடித்து நொறுக்கினார்கள். அன்றைக்கே மகிந்த பதவி விலக நேர்ந்தது.

இப்போது வாக்குவாதத்துக்கு வருகிறேன். நம் வகுப்பு நண்பர் ஒருவர் எழுதியிருந்தார்: "2009-இல் முள்ளிவாய்க்காலில் நம் ஜனங்கள் செத்தபோது இவர்கள் பால்சோறு சாப்பிட்டார்கள். இன்றைக்கு கேஸ் சிலிண்டர் இல்லை என்றதும் புரட்சியா? நமக்கென்ன வந்தது?" இதற்கு நிறையப் பேர் கைதட்டினார்கள். அந்தக் கோபம் நியாயமானது. அதை நான் ஒருநாளும் தட்டிப் பேசமாட்டேன். 1974-இல் அம்மா சாக்கைத் தட்டியதைப் பார்த்த எனக்கும் அந்தக் கோபம் உண்டு. தோட்டத்துப் பசி கொழும்புக்குக் கேட்க, அது கொழும்புக்கே வந்து சேர வேண்டியிருந்தது.

ஆனாலும் நமக்கென்ன என்ற கேள்வியை நான் ஏற்கமாட்டேன். நம்மை விரட்டிய அதிகாரமும் சிங்கள விவசாயியை நடுத்தெருவில் நிறுத்திய அதிகாரமும் வேறுவேறல்ல. நம்மிடமிருந்து வாக்கைப் பறித்தபோது அது பழகிக்கொண்ட வித்தையை எல்லோரிடமும் காட்டியது. அதைக் கீழே இறக்கியவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். காலிமுகத்திடலில் தேசிய கீதத்தைத் தமிழிலும் பாடினார்கள். மே 18-இல் அதே திடலில், போரின் கடைசியில் சிக்கிய ஜனங்கள் குடித்த கஞ்சியின் நினைவாக முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சி, சிங்களப் பிள்ளைகள் வரிசையில் நின்று வாங்கிக் குடித்தார்கள். நீச்சல் குளப் படம் உலகம் முழுக்கச் சுற்றியது. எனக்கு அந்தக் கஞ்சி வரிசைதான் பெரிது. அங்கே நின்றவர்களில் 2009-இல் பத்து வயதுகூட ஆகாதவர்கள் பலர் இருந்திருப்பார்கள். அவர்களிடம் போய் அப்போது நீ ஏன் பேசவில்லை என்று கேட்க எனக்கு மனம் வராது.

குறையும் சொல்லத்தான் வேண்டும். ஜூலை 9 இரவு, மகிந்தவுக்குப் பிறகு பிரதமராக வந்த ரணில் விக்கிரமசிங்கவின் வீட்டைக் கொளுத்தியது தவறு. புத்தகங்களோடு சேர்த்து எரிந்தது. யாழ்ப்பாண நூலகம் எரிந்த நாட்டில் இன்னொரு நூலகத்துக்கு யாரும் தீ வைத்திருக்கக் கூடாது. அதே நாளில் மாளிகைக்குள் கட்டுக்கட்டாகக் கிடந்த ஒரு கோடியே எழுபத்தெட்டு லட்சம் ரூபாயை எண்ணிப் போலீஸில் ஒப்படைத்தவர்களும் இந்தப் பிள்ளைகள்தான். அன்று அவர்கள் வீடுகளில் அடுப்பு எரிய விறகு தேடிக்கொண்டிருந்தார்கள்.

கோட்டாபய 13-ஆம் தேதி மாலத்தீவுக்கும் அங்கிருந்து சிங்கப்பூருக்கும் பறந்து, அங்கேயிருந்து ராஜினாமாக் கடிதம் அனுப்பினார். ஜூலை 20-இல் நாடாளுமன்றம் 134 வாக்குகளில் ரணிலை ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுத்தது. 22-ஆம் தேதி விடியுமுன் ராணுவம் காலிமுகத்திடலுக்குள் புகுந்து கூடாரங்களைப் பிய்த்தெறிந்தது. "பார்த்தாயா, எல்லாம் வீண்" என்று நண்பர் எழுதினார். ஊர் திரும்பும் வழியில் இருந்ததால் அவருக்கு உடனே பதில் போடவில்லை.

பதில் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. 2023 நவம்பரில் பொருளாதாரச் சீரழிவுக்கு ராஜபக்ச சகோதரர்களும் பொறுப்பு என்று இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 செப்டம்பரில் அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதியானார். நவம்பர் பொதுத் தேர்தலில் பதுளை மாவட்டத்திலிருந்து அம்பிகா சாமுவேல் என்ற மலையகத் தமிழ்ப் பெண் நாடாளுமன்றத்துக்குப் போனார். தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளை, ஆசிரியை. என் அப்பாவுக்கு ஓட்டு இல்லாத நாட்டில் இது நடந்திருக்கிறது. செய்தி வந்த அன்றே அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன். "நம்ம லயத்துப் புள்ளையா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

லயங்கள், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகள், இன்னும் லயங்களாகத்தான் இருக்கின்றன. பொகவந்தலாவையில் எங்கள் சொந்தக்காரர்கள் இருக்கும் வீட்டுக்கும் அது நிற்கும் மண்ணுக்கும் உறுதி அவர்கள் பேரில் இல்லை. இந்த அரசாங்கமும் அதைத் தராவிட்டால் அதையும் கேட்கத்தான் வேண்டும். கேட்கும்போது மலையகத்துப் பிள்ளைகள் இந்த முறை கொழுந்துக் கூடையோடு ஒதுங்கி நிற்கமாட்டார்கள் என்று நம்புகிறேன். நண்பர் அடுத்த ஒன்றுகூடலுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். மிச்ச வாக்குவாதத்தை அங்கே நேரிலேயே வைத்துக்கொள்கிறோம்.