காது வைத்த பவுன்

பட்டர்வொர்த்தில் பினாங்குத் தீவுக்கு ஃபெரி ஏறுவதற்குள் கைப்பையின் உள் ஜிப்பை நான்கு தடவையாவது தொட்டுப் பார்த்திருப்பேன். உள்ளே ஒரு தீப்பெட்டி. தீப்பெட்டிக்குள் பஞ்சு, பஞ்சுக்குள் பூட்டியின் பவுன். கோலாலம்பூரிலிருந்து நாலு மணி நேர ரயில் பயணத்தில் பக்கத்து இருக்கைக்காரர் குறட்டை விட்டுத் தூங்கினார். எனக்குக் கண்ணே மூடவில்லை.

1911ஆம் ஆண்டு பிரிட்டிஷ் தங்கக் காசு, ஒரு பவுண்டு மதிப்பு. ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை. மறுபக்கம் குதிரை மேல் புனித ஜார்ஜ், குதிரையின் காலடியில் டிராகன். பிஸ்ட்ரூச்சி என்ற இத்தாலியச் செதுக்குக் கலைஞர் 1817இல் செய்த அதே உருவம்தான் கிட்டத்தட்ட நூறு வருஷம் கழித்தும் வந்திருக்கிறது. ஆண்டு எண்ணுக்கு மேலே, குதிரை நிற்கும் தரையில், கடுகளவு ஒரு 'பி'. அது பினாங்கின் 'பி' என்று சின்ன வயதில் நம்பியிருந்தேன். ஆஸ்திரேலியாவின் பெர்த் நாணயச் சாலை போட்ட முத்திரை என்று தெரிந்தபோது கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

பூட்டி பால்மரம் வெட்டிய தோட்டம் இந்தக் கரையில், அன்றைக்கு புரோவின்ஸ் வெல்லஸ்லி என்று சொன்ன செபராங் பிறையில்தான் இருந்தது. 1906இல், அன்றைக்கு இங்கே புழங்கிய நாணயமான நீரிணைக் குடியேற்ற வெள்ளியின் (டாலரின்) மதிப்பை 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று கட்டிப்போட்டார்கள். அதாவது 7 பவுனுக்கு 60 வெள்ளி, ஒரு பவுன் சுமார் எட்டரை வெள்ளி. 1920களின் கடைசியில் இந்தப் பகுதித் தோட்டங்களில் ஆணுக்கு நாள் கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ஃபெரியில் நின்றபடி கைப்பேசியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சோறு, உப்பு, புளி எதுவும் வாங்காமல் இருபத்தொரு நாளுக்கு மேல் மரம் வெட்டினால் ஒரு பவுன். பூட்டி ஐந்து பவுன் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் கயிறு நுழைக்கக் குட்டி வளையமாகக் காது வைத்து, கறுப்புக் கயிற்றில் கோத்துப் போட்டிருந்தாளாம்.

நான்கு பவுன் பாட்டி காலத்தில் போய்விட்டது. ஒன்று மாமாவின் பரீட்சைக் கட்டணத்துக்கு. ஒன்று தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது வீடு மாற. இன்னொன்று, மலேசிய இந்தியர்களின் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு கட்ட. நான்காவது எதற்குப் போனது என்று அம்மாவைக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

மிஞ்சியதைப் பதக்கமாக்கித் தர வேண்டும் என்று கோலாலம்பூரில் இரண்டு கடைகளில் கேட்டேன். ஒருவர் நடுத்தலையில் துளை போடலாம் என்றார். இன்னொருவர், "பழைய காசு சிஸ், உருக்கிட்டுப் புதுசா எடுத்துக்குங்க, 916தானே" என்றார். அவர் சொன்ன எண் சரிதான். பிரிட்டிஷ் பவுன் பன்னிரண்டில் பதினொரு பங்கு தங்கம், நம் கடைகளில் அடிக்கும் 916 முத்திரையும் அதேதான். ஆனால் அந்தக் கடையில் அதற்கு மேல் நிற்கப் பிடிக்கவில்லை.

ஜார்ஜ்டவுனில் காலை ஒன்பது மணி வெயிலே தலையைப் பிளந்தது. கடைத்தெரு முழுக்கப் பாட்டுச் சத்தம். மாரியம்மன் கோயிலில் ஒரு கும்பிடு, மூலைக்கடையில் ஒரு தே தாரிக், நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர். பட்டறை பதினொன்றுக்குத்தான் திறப்பார்கள் என்பதால் சர்ச் தெருவில் இருக்கும் பெரானாக்கான் மாளிகைக்குப் போனேன். மலாய்ப் பழக்கவழக்கங்கள் கலந்த சீன வம்சாவளியினரின் அருங்காட்சியகம். நகைப் பிரிவை மட்டும் பார்ப்பவர்களுக்கே ஒரு மணி நேரம் வேண்டும். அந்தச் சமூகத்தின் நியோன்யாப் பெண்கள் கெபாயா என்ற மேல்சட்டைக்குப் பொத்தானாகக் குத்தும் ஊசி நகை, கெரொங்சாங், மூன்று மூன்றாக வரும். பெரியது தாய், மற்ற இரண்டும் பிள்ளைகள். பட்டை தீட்டிய சின்னச் சின்ன வைரம், 'இந்தான்' என்பார்கள், கண்ணாடிப் பெட்டிக்குள் மங்கலாக மின்னியது. இன்றைய வைரத்தின் பளீர் எனக்கு எப்போதுமே கொஞ்சம் அலட்டலாகத்தான் படும். மலாய்க்காரர்களும் காசுச் சங்கிலியை 'ரந்தாய் பவுன்' என்றுதான் சொல்கிறார்கள். ஆங்கிலப் பவுண்டைத் தமிழர்களும் மலாய்க்காரர்களும் ஒரே மாதிரி வாயில் போட்டு மென்றிருக்கிறோம்.

பட்டறை ஒரு பழைய கடைவீட்டின் மாடியில். மரப்படி ஒவ்வொன்றும் முனகியது. பத்தருக்கு எழுபது வயதிருக்கும். தீப்பெட்டியைத் திறந்ததும் காசை எடுக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு விளிம்பை மட்டும் இரண்டு விரலால் பிடித்தார்.

"யாரும்மா காது வச்சது?"

"தெரியலீங்கய்யா. பூட்டி காலத்துல."

"நல்ல கை. ஆனா பொடி மட்டமானது, பாருங்க." பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தார். காதும் காசும் சேரும் இடத்தில் வெளிறிய ஒரு கோடு. பற்றவைத்த பொடியில் தங்கம் குறைவு.

தராசில் காதோடு 8.17 கிராம் காட்டியது. புதுப் பவுன் 7.988. 7.938க்குக் கீழே தேய்ந்தால் அந்தக் காலத்தில் செல்லுபடியாகாது என்று பத்தர் மனப்பாடமாகச் சொன்னார். அளவுக் கம்பாஸில் குறுக்களவு 22 மில்லிமீட்டரும் சொச்சமும். "நிசப் பவுன்தான். காசு மாலைன்னு கொண்டு வர்றதுல பாதி, நம்ம ஆளுங்களே அச்சு வச்சு அடிச்சது. தங்கம் தங்கந்தான், காசுதான் காசில்ல."

காதை அறுத்துவிடலாமா என்று கேட்டேன். தலையை ஆட்டினார். அறுத்தால் விளிம்பின் வரிகளில் தழும்பு விழும், மறுபடி சூடு காட்டினால் காசின் தோலே மாறிப்போகும். சேகரிப்பவர்களுக்கு இது காது வைத்த அன்றே கெட்டுப்போன காசு. "அவங்க கெடக்குறாங்க" என்றார்.

பிறகு ஒரு பழைய ரசீதின் பின்பக்கம் படம் போட்டார். காசைச் சுற்றி ஒரு தங்க வளையம், உச்சியில் மட்டும் பிளவு. பிளவின் இரண்டு முனையிலும் குட்டிக் குழல். நடுவே பூட்டியின் காது வந்து உட்காரும். மூன்றிலும் நுழைந்து ஒரு திருகாணி. திருகைக் கழற்றினால் வளையம் விரியும், காசு கையில் விழும். காசில் நெருப்பே படாது. காதை மறைக்க முன்னால் ஒரு சின்னப் பூ, அதில் கல். இந்த யோசனையை எனக்கு யாராவது இருபது வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருக்கலாம்.

கல்லுக்கு அம்மாவின் உடைந்த தோட்டிலிருந்த நான்கு கெம்பைக் கொண்டுபோயிருந்தேன். பத்தர் விரல் நீளக் குழாய் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு கல்லையும் அதன் வழியாகப் பார்த்தார். கெம்பு என்றால் அதில் இரண்டு சிவப்பு பக்கத்தில் பக்கத்தில் தெரியுமாம். மூன்றில் தெரிந்தது. நான்காவதில் ஒரே நிறம்.

"இது ஸ்பைனல், கெம்பு மாதிரியே இருக்கிற வேற கல்லு. பர்மாவுல ரெண்டும் ஒரே மண்ணுல கிடைக்கும். அந்தக் காலத்துல எல்லாமே கெம்புதான்."

இங்கிலாந்து அரசரின் கிரீடத்தில் கருப்பு இளவரசரின் ரூபி என்று பேர் பெற்ற பெரிய சிவப்புக் கல்லும் ஸ்பைனல்தான். அரண்மனையே ஏமாந்திருக்கும்போது என் அம்மா எம்மாத்திரம்? நான்கையும் வைக்கச் சொன்னேன். நடுவில் ஒரு பச்சை வேண்டும் என்றதற்கு, கல் பதிப்பதை எல்லாப் பற்றவைப்பும் முடிந்த பிறகுதான் செய்வேன் என்றார். மரகதத்தில் இயல்பாகவே கீறல் இருக்கும், சூடு பட்டால் விரிந்துவிடும். கல்லுக்குப் பின்னால் தகடு வைத்து அடைப்பதா, திறந்துவிடுவதா என்பதில் எங்களுக்குள் கொஞ்சம் வாக்குவாதம். திறந்தால் வெளிச்சம் ஊடுருவும், அடைத்தால் பழைய நகை மாதிரி உள்ளிருந்து கனன்று தெரியும். அடைப்பு என்று முடிவானது. குளிக்கும்போது கழற்றி வைக்க வேண்டும், தண்ணீர் புகுந்தால் தகடு கறுத்துவிடும் என்று மூன்று முறை சொன்னார்.

கூலியை கிராம் கணக்கில் சொல்லவில்லை. காசைத் தான் செய்யவில்லையே, அதற்கு எப்படிச் செய்கூலி கேட்பது என்றார். வளையத்துக்கும் பூவுக்கும் மட்டும் ஒரு தொகை. பேரம் பேச வாய் வரவில்லை.

மூன்று வாரம் கழித்து மறுபடி ரயில், மறுபடி ஃபெரி. பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கழுவித் துடைத்துத் தயாராக வைத்திருந்தார். கையில் கொடுக்காமல் முதலில் ஊசி முனைத் திருகுளி ஒன்றை நீட்டி, "கழட்டுங்க" என்றார். தடுமாறிக் கழற்றினேன். "மாட்டுங்க." மாட்டினேன். திரும்பவும் கழற்றச் சொன்னார். கீழே ஒரு காகிதப் பொட்டலம்: அரத்தில் உதிர்ந்த பொடி, எடை எழுதியிருந்தது.

வீட்டில் அம்மா மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். கெம்பைத் தடவினார், ஸ்பைனல் கதையைச் சொன்னேன், காதில் வாங்கவில்லை.

"கல்லு கெடக்கட்டும்" என்றார். "பவுனு தனியா வருதா?"

திருகுளியைக் கொடுத்தேன்.