33 பேரா, 36 பேரா?

அமெரிக்க மருத்துவக் காப்பீட்டு அழைப்புகளைச் சென்னையிலிருந்து எடுக்கும் கால் சென்டரில், ரோஸ்டர் (யாருக்கு எந்த ஷிஃப்ட் என்ற பட்டியல்) போட நாள் கணக்கு உதவாது. அரை மணிக்கு எத்தனை கால் என்று தெரிய வேண்டும்.

அரை மணியில் 100 கால், ஹோல்டும் குறிப்பு எழுதுவதும் சேர்த்து ஒன்றுக்கு 6 நிமிடம் என்றால் 600 நிமிட வேலை. 30ஆல் வகுத்தால் 20 பேர். ஆனால் கால்கள் ஒழுங்காக வருவதில்லை, கொத்தாக வந்து விழும். டென்மார்க்கின் கணிதவியலாளர் எர்லாங் 1917இல் தந்த சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், 80 சதவீதத்தை 20 வினாடிக்குள் எடுக்க 25 பேர் லைனில் இருக்க வேண்டும். 22 பேர் என்றால் பாதிகூடத் தேறாது. "மூணு பேர்தானே குறையுது" என்பவர்களிடம் இந்த எண்ணைக் காட்டியே ஆக வேண்டும். காத்திருப்பவர் நாளைக்கு ஆபரேஷன் வைத்திருப்பவராக இருக்கலாம்.

அடுத்தது ஷ்ரிங்கேஜ், அதாவது ரோஸ்டரில் இருந்தும் லைனில் இல்லாத நேரம்: லீவு, பிரேக், டிரெயினிங், தாமதமாக வரும் கேப். 30 சதவீதம் என்றால் பலரும் 25ஐ 1.3ஆல் பெருக்கி 33 பேரைப் போடுகிறார்கள். 33இல் 30 சதவீதம் போனால் மிஞ்சுவது 23 பேர். சர்வீஸ் லெவல், அதாவது 20 வினாடிக்குள் எடுக்கும் கால்களின் பங்கு, 65 சதவீதத்துக்கு இறங்கிவிடும். மிஞ்சுவது 70 சதவீதம் என்பதால், 25ஐ 0.7ஆல் வகுக்க வேண்டும். விடை 36.

அந்த 30 சதவீதமும் ஆண்டு முழுக்க ஒன்றல்ல. அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேரில் திட்டம் மாற்றும் காலம் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை. நமக்கு அதுதான் தீபாவளி, அதுதான் வடகிழக்குப் பருவமழை. 2023இல் மிக்ஜாம் புயல் வேளச்சேரி, பள்ளிக்கரணையை மூழ்கடித்தபோது அந்தக் கெடுவுக்குச் சில நாட்களே இருந்தன. ஏஜென்ட் பெயருக்குப் பக்கத்தில் அவர் ஏரியாவையும் எழுதி, ஒரே ஏரியாக்காரர்களை ஒரே ஷிஃப்டில் குவிக்காமல் பிரித்துப் போடுங்கள்.

நவம்பர் முதல் ஞாயிறு அமெரிக்காவில் கடிகாரம் மாறும். நியூயார்க்கின் காலை 8 மணி, நமக்கு மாலை 5.30லிருந்து 6.30 ஆகும். ரோஸ்டரை மாற்றிவிட்டு டிரான்ஸ்போர்ட்டுக்குச் சொல்ல மறந்தால், கடைசி ஒரு மணி நேரக் கால்கள் ஓடும்போதே கேப் வாசலில் வந்து நிற்கும்.

ஜனவரியில் புது கார்டு, புது பிளான், கூடவே பொங்கல். அந்த லீவை அக்டோபரிலேயே கேட்டு எழுதிக்கொண்டால், யாருக்கு போகி, யாருக்குக் காணும் பொங்கல் என்று அவர்களே பேசிப் பிரித்துக்கொள்வார்கள்.