21 அவுன்ஸ் ஜீன்ஸ்: மூன்றாவது தையல் நின்றுவிட்டது

மூன்றாம் தடவை தைத்த கவடு ஆறு கிழமை தாண்டியும் பிரியவில்லை. முந்திய இரண்டு தையலும் ஒரு மாதம்கூட நிற்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

மச்சான் கனடாவிலிருந்து வரும்போது கொண்டுவந்த ஜீன்ஸ். காசை அவனிடம் எண்ணிக் கொடுத்தேன்: 42,000 ரூபா. துணியின் எடை சதுர யாருக்கு 21 அவுன்ஸ், அதாவது சதுர மீற்றருக்கு 700 கிராமுக்குக் கொஞ்சம் மேல். மூன்று வருசமாகக் கிழமைக்கு மூன்று நாள் அதைப் போட்டுக்கொண்டு கிளிநொச்சியிலிருந்து பரந்தன் வழியாக விசுவமடுவுக்கு மோட்டார் சைக்கிளில் போய்வருகிறேன். முழங்கால் இன்னும் பலகை மாதிரி இருக்கிறது. போனது கவடுதான், நாலு தையலும் வந்து சேருகிற அந்த முடிச்சு.

முதலில் அறுந்தது நூல். துணிக்கு ஒன்றும் இல்லை. நான் அதைவிடப் பலமான பொலியெஸ்டர் நூலால் நெருக்கி நெருக்கித் தைத்தேன். பிழை அங்கேதான். அடுத்த தடவை நூல் நின்றது, துணி கிழிந்தது. நெருக்கமான ஊசித் துளைகள் தபால் முத்திரை ஓரம் மாதிரி ஒரு கோடு போட்டுவிட்டன.

இந்தத் தடவை முதலில் நன்றாகப் பார்த்தேன். நீளவாக்கில் ஓடுகிற நீலப் பாவு நூல் தேய்ந்துபோய், குறுக்கே ஓடுகிற வெள்ளை ஊடை நூல் மட்டும் வலை மாதிரி நின்றது. ஆகவே தைக்க வேண்டியது பாவு போன திசையில். உள்ளே பழைய ஜீன்ஸ் துண்டு ஒன்று, மூலைகளை வட்டமாக வெட்டி, தேய்ந்த இடத்தைவிட இரண்டு விரல் பெரிதாக. தையல் வரிகளை ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஒன்றை நீளமாக, அடுத்ததைக் கட்டையாக விட்டேன். ஒரே கோட்டில் நிறுத்தினால் அந்தக் கோட்டிலேயே கிழியும். நூல் சந்தையில் கிடைக்கிற சாதாரண 120ஆம் நம்பர்தான். தடித்த நூலுக்காக மூன்று கடை ஏறி இறங்கினேன், இந்த வேலைக்கு அது தேவையே இல்லை.

பெரிய பாடு, துணி பல மடிப்பாகத் தடித்து நிற்கிற மடிப்புத் தையலைத் தாண்டுவது. அம்மாவின் மிதி மெஷின், 18ஆம் நம்பர் ஊசி. அந்த மேட்டில் மெஷினின் பாதம், துணியை அழுத்திப் பிடிக்கிற தகடு, முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், தையல் தவறும், ஊசி முறியும். இரண்டு ஊசி போனது. அப்புறம் தையலை ஈரமாக்கி அம்மியில் வைத்து மரச் சுத்தியலால் தட்டினேன். மேடு பாதியாகக் குறைந்தது. அதே உயரத்துக்கு மடித்த துணித் துண்டைப் பாதத்தின் பின்பக்கம் வைத்து, மிதிக்காமல் சில்லைக் கையால் சுற்றினேன். ஒரு தையலும் தவறவில்லை!

சரி, காசுக்கு வருவோம். இங்கே 4,500 ரூபாவுக்கு வாங்கும் ஜீன்ஸ் எனக்கு 150 தடவை உழைக்கும், தடவைக்கு 30 ரூபா. இது அந்தக் கணக்குக்கு இறங்க 1,400 தடவை போட வேண்டும். இப்போதுதான் 450. இன்னும் ஆறு வருசம். துணி தாங்கும் என்று நம்புகிறேன், ஆனால் செம்மண் புழுதி நூலுக்குள் இருந்து அரம் மாதிரி அராவும். துவைக்காமல் போட்டால் சாயம் அழகாக மங்கி வரும் என்பார்கள், அதை நான் விட்டுவிட்டேன். மாதம் ஒருமுறை வாளியில் ஊறவைத்து, மறுபக்கம் திருப்பிக் காயப்போடுகிறேன். மாரியில் மூன்று நாளாகியும் இடுப்புப் பட்டி காயாது.

அடுத்தது 16 அவுன்ஸ் என்று மச்சானிடம் சொல்லிவிட்டேன். நம்முடைய வெயிலுக்கு அது போதும். அதற்கு முன் இதன் வலப்பக்கப் பின் பொக்கெற் மூலையைத் தைக்க வேண்டும், ஃபோன் உரசி நூல் தெரிகிறது. ஊசி இன்னும் ஒன்றுதான் மிச்சம்.