ஹுவா ஹின்னில் ஓய்வுக்காலம்: வாடகைக்கு முன்னால் எட்டு லட்சம் பாட்

பாங்காக்கிலிருந்து தெற்கே சுமார் 200 கிலோமீட்டரில் இருக்கிறது ஹுவா ஹின். ஆண்டு ஒப்பந்தம் போட்டால் ஒரு படுக்கையறை கான்டோ (அடுக்குமாடி வீடு) மாதம் 10,000 முதல் 15,000 பாட்டுக்குள் (பாட் தாய்லாந்து நாணயம்) கிடைத்துவிடும். தண்டவாளத்துக்கு மேற்கே போனால் இன்னும் குறையும். இந்த வாடகையை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்கள், வங்கியில் முடங்கப்போகும் பணத்தைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஓய்வுக்காலத்தில் அங்கே தங்க அனுமதி வாங்க 50 வயது நிறைந்திருக்க வேண்டும். முதலில் 90 நாள் நான்-இமிக்ரன்ட் ஓ விசா, அதன்மேல் ஓராண்டு நீட்டிப்பு. நீட்டிப்புக்குத் தாய்லாந்து வங்கியில் உங்கள் பெயரில் 8 லட்சம் பாட் இருக்க வேண்டும். மாதம் 65,000 பாட் வருமானம் காட்டும் வழியும் உண்டு. ஆனால் புதிதாகப் போகிறவரிடம் 12 மாத வரவுக்கான சான்று இருக்காது. அதனால் முதல் ஆண்டுக்கு வைப்புத்தொகைதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

அந்த 8 லட்சத்துக்கு ஒரு காலக்கணக்கு இருக்கிறது. விண்ணப்பிப்பதற்கு இரண்டு மாதம் முன்பே பணம் உள்ளே வந்திருக்க வேண்டும். நீட்டிப்புக் கிடைத்த பிறகு மூன்று மாதம் தொடக்கூடாது. மீதி நாட்களில் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக்கூடாது. ஜூலை 1 உங்கள் நீட்டிப்பு நாள் என்று வையுங்கள். மே 1-க்குள் முழுத்தொகை இருக்க வேண்டும், அக்டோபர் 1 வரை அப்படியே கிடக்க வேண்டும். அதன்பின் பாதியை எடுக்கலாம். அடுத்த மே 1-க்குள் திரும்பப் போட்டாக வேண்டும். ஆக, 4 லட்சம் பாட் என்றைக்கும் செலவுக்கு ஆகாது. அது இல்லாமலும் வாழ்க்கை நடக்குமா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அந்தக் கணக்கோடு மின்கட்டணத்தையோ ஏடிஎம் அட்டையையோ இணைக்காதீர்கள். ஏதோ ஒரு கட்டணம் தானாகக் கழிந்து 7,99,960 ஆகிவிட்டால் அந்த ஆண்டு நீட்டிப்பே கையைவிட்டுப் போகலாம். 8,10,000 போட்டு வையுங்கள், வீட்டுச்செலவுக்கு வேறு கணக்கு. விண்ணப்பிக்கும் நாள் காலையில் வங்கிக் கிளைக்குப் போய் அந்தக் கணக்கில் 100 பாட் போட்டு, பாஸ்புக்கை அச்சடித்து வாங்குங்கள். கடைசி வரியில் அன்றைய தேதி இருக்க வேண்டும். கூடவே வங்கியின் சான்றுக் கடிதம், ஒவ்வொரு பக்கத்தின் நகலிலும் கையெழுத்து, நீட்டிப்புக் கட்டணம் 1,900 பாட்.

இந்தியாவிலிருந்து பணம் அனுப்புகிறவர்களுக்கு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரம்பு, அது தாராளம். ஆனால் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் டிசிஎஸ் (அனுப்பும்போதே வசூலிக்கும் முன்வரி) பிடிக்கும். வருமான வரிக் கணக்கில் திரும்பக் கிடைக்கும் என்றாலும், அதுவரை பணம் நம் கையில் இல்லை. மார்ச்சில் ஒரு பகுதி, ஏப்ரலில் ஒரு பகுதி என்று பிரித்து அனுப்பினால் சுமை குறையும். இன்னொன்று: தாய்லாந்தில் ஆண்டுக்கு 180 நாள் தங்கினால் அங்கே வரி வரம்புக்குள் வருவீர்கள். 2024 ஜனவரி 1-க்கு முன் ஈட்டிய பணத்தைக் கொண்டுவந்தால் அதற்கு வரி இல்லை; ஆகவே 2023 டிசம்பர் 31 தேதியிட்ட வங்கி அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள்.

90 நாளுக்கு ஒருமுறை குடிநுழைவு அலுவலகத்துக்கு முகவரி அறிவிப்பு கட்டாயம். கெடு நாளுக்கு 15 நாள் முன்பிருந்து 7 நாள் பின்பு வரை கொடுக்கலாம். ஊருக்குக் கல்யாணம், காரியம் என்று போவதானால் கிளம்பும் முன் ரீ-என்ட்ரி அனுமதி வாங்குங்கள்: ஒருமுறைக்கு 1,000, பலமுறைக்கு 3,800 பாட். வாங்காமல் விமானம் ஏறினால் அந்த ஓராண்டு நீட்டிப்பு அப்போதே செத்துவிடும்.

வீடு பார்க்க அக்டோபர், நவம்பரில் போங்கள். கனமழைக் காலம் அது. எந்தச் சந்தில் தண்ணீர் தேங்குகிறது, எந்தச் சுவர் ஓதம் காக்கிறது எல்லாம் தெரிந்துவிடும். கடல் பார்த்த பால்கனி என்றால் ஏசியின் வெளிப்பெட்டியைக் குனிந்து பாருங்கள். அலுமினியத் தகடுகள் வெள்ளையாகப் பொடிந்து, செம்புக் குழாயில் பச்சை பூத்திருந்தால் உப்புக்காற்று தன் வேலையை முடித்துவிட்டது. கொஞ்ச நாளில் வாயு கசியும், மின்கட்டணம் ஏறும். மின்சாரம் அரசு விலையிலா, வீட்டுக்காரர் விலையிலா என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். யூனிட்டுக்கு 7, 8 பாட் கேட்கிறவர்கள் உண்டு. இரண்டு மாத வாடகை டெபாசிட், ஒரு மாதம் முன்பணம் என்பது வழக்கம்.

சாப்பாட்டுக்குக் குறையில்லை. சத்சாய் சந்தையில் நம் அயிலையின் இனமான 'ப்ளா தூ' ஆவியில் வெந்து, கழுத்து மடங்கியபடி சிறு மூங்கில் தட்டில் அடுக்கியிருக்கும். சைவ உணவுக்காரர்கள் 'ஜே' என்ற சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள்; மீனும் இறைச்சியும் சேராத உணவு என்று பொருள். வெறும் காய்கறி என்று கேட்டால் மீன் சாறு ஊற்றித்தான் வரும்.

ஓ விசாவின் நீட்டிப்புக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயமில்லை, ஓ-ஏ விசாவுக்கு (தாய்லாந்துக்கு வெளியிலிருந்தே வாங்கும் ஓராண்டு ஓய்வுக்கால விசா) உண்டு. கட்டாயமில்லை என்பதால் விட்டுவிடாதீர்கள். 70 தாண்டினால் புதிய பாலிசி கிடைப்பது கடினம். இருக்கிற சர்க்கரை, இரத்த அழுத்தத்தை விலக்கிவிட்டுத்தான் தருவார்கள். மோட்டார் சைக்கிளுக்குச் செல்லும் உரிமம் இல்லாமல் ஸ்கூட்டர் ஓட்டி விழுந்தால், காப்பீட்டு நிறுவனம் கோரிக்கையை மறுக்கலாம்.

தம்பதியாகப் போகிறவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது ஒன்றுண்டு. நீட்டிப்புக்கான கணக்கு ஒருவர் பெயரில்தான் இருக்கும். அவர் இறந்தால் வங்கி கணக்கை முடக்கிவிடும்; நீதிமன்றம் சொத்து நிர்வாகியை நியமிக்கும் வரை மனைவியோ கணவரோ ஒரு பாட்கூட எடுக்க முடியாது. எனவே முதல் மாதமே தாய்லாந்துச் சொத்துக்கென்று தனி உயில் எழுதி, இரண்டு சாட்சிகள் எதிரில் கையெழுத்திடுங்கள். ஆறு மாதச் செலவுக்கான பணத்தைத் துணைவர் பெயரில் வேறு கணக்கில் போட்டு, அதன் பாஸ்புக்கை அவர் கையிலேயே கொடுத்து வையுங்கள்.