இரும்புச் சட்டி செய்த வேலை

வீரவநல்லூரில் தறி வைத்திருக்கும் சித்தப்பா ஒரு கிலோ பருத்தி நூலைக் கையில் கொடுத்து, "செடி கொடியில சாயம் போடணும்னு சொன்னியே, போட்டுப் பாருல" என்றார்.

நூலில் பசை இருந்தால் சாயம் ஏறாது. சலவைச் சோடா போட்டு வேகவைத்து அலசினேன். அப்புறம் கடுக்காய்த் தண்ணீரில் ஒரு ராத்திரி. பருத்தியில் பெரும்பாலான செடிச் சாயம் லேசில் ஒட்டாது. கடுக்காயின் துவர்ப்பு படிகாரத்தைப் பிடித்துக்கொள்ளும், படிகாரம் நிறத்தைப் பிடித்துக்கொள்ளும். கிலோவுக்கு 150 கிராம் படிகாரம் போட்டேன்.

சிவப்புக்குப் பதிமுகக் கட்டை. நாட்டு மருந்துக் கடையில் கிடைத்தது. பத்தமடைக் கோரைப் பாய்க்குச் சிவப்பு ஏற்றியதும் ஒரு காலத்தில் இதில்தான். பாதி நூலை முக்கி எடுத்தேன், செக்கச்செவேல் என்று வந்தது. நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன்.

மீதி நூலுக்குப் பாத்திரம் போதவில்லை என்று ஆச்சியின் பழைய இரும்புச் சட்டியை இறக்கினேன். அங்கேதான் சனி. அரை மணியில் நூல் நாவல்பழக் கறை மாதிரி ஆகிவிட்டது. இரும்பு பட்டால் கடுக்காய் கறுக்கும், பதிமுகம் ஊதாவுக்குப் போகும். கறுப்புச் சாயத்துக்கு இரும்பையும் வெல்லத்தையும் வேண்டுமென்றே ஊறவைப்பார்கள். எனக்கு அது பிறகுதான் உறைத்தது.

பயந்துகொண்டே காட்டினேன். சித்தப்பா நூலை வெயிலில் பிடித்துப் பார்த்தார். "சிவப்பைப் பாவா போட்டு, இதை ஊடையா விட்டா நல்லா இருக்கும்ல." பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், ஊடை குறுக்கே ஓடும் நூல்.

துண்டு அடுத்த வாரம் தறியிலிருந்து இறங்குகிறது. ஆச்சி இன்னும் சட்டியைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.