சாப்பிட்டியாடா?

சென்ற சனிக்கிழமை எங்கள் உருமி மேளக் குழுவின் பயிற்சிக்குப் பதினொரு பையன்கள் வந்தார்கள். பன்னிரண்டாவது ஆள் வரவில்லை என்றதும் எனக்குக் கை ஓடவில்லை. உருமியை ஓரமாக வைத்துவிட்டு அவன் அம்மாவுக்கு அழைத்தேன். “ராத்திரி வேலைக்குப் போனான் அண்ணே, இப்பத்தான் படுத்தான்” என்றார். அப்புறம்தான் மூச்சே வந்தது.

இப்படிப் பதறுவதற்குக் காரணம் இருக்கிறது.

1990களின் தொடக்கத்தில் நாங்கள் சிங்கப்பூரின் யீஷூன் வட்டாரத்தில் குடியிருந்தோம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை, அம்மாவுக்கு அலுவலகங்களில் துப்புரவு வேலை. தம்பி உயர்நிலை இரண்டு படித்தான். மதியம் வீட்டுக்கு வந்தால் சட்டியில் சோறு இருக்கும், ஆள் இருக்காது. எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு கல்மேசை. அதைச் சுற்றி உட்கார்ந்திருந்த அண்ணன்மார்தான் அவனை முதலில் கேட்டார்கள்: “சாப்பிட்டியாடா?” மீ கோரெங் என்ற வறுத்த நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தார்கள். ஆறேழு மாதம் வெறும் சாப்பாடும் பேச்சும்தான். பிறகு ஒரு நாள், ஒரு பொட்டலத்தைப் பக்கத்து புளோக்கில் கொடுத்துவிட்டு வரச் சொன்னார்கள். பத்தொன்பது வயதில் அவன் போதை மறுவாழ்வு நிலையத்துக்குப் போனான். வெளியே வந்தான், மறுபடியும் போனான். நான் அவனுக்கு நாலு வயது மூத்தவன். அந்தக் கேள்வியை ஒரு மதியம்கூட அவனிடம் நான் கேட்டதில்லை.

உருமிக் குழு நடத்துகிறேன் என்றால் சிலர் முகம் சுளிப்பார்கள். குண்டர் கும்பல் பையன்கள்தானே என்பார்கள். அந்தச் சந்தேகம் வானத்திலிருந்து விழவில்லை. கும்பலின் அடையாள எண்ணைக் கத்திக்கொண்டு ஆடிய கூட்டங்களை நானும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் எங்கள் குழுவில் எண்ணுக்கும் கோஷத்துக்கும் இடமில்லை. முதல் நாளே சொல்லிவிடுவோம். தைப்பூச ஊர்வலத்தில் நேரடி இசைக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தடை இருந்து, 2016-இல்தான் வழியில் மூன்று இடங்களில் அதற்கு அனுமதி கிடைத்தது. அந்த நம்பிக்கையைக் கெடுக்கிற மாதிரி எங்கள் பையன்கள் நடந்துகொள்ளக் கூடாது என்பதில் நான் கண்டிப்பானவன்.

உருமியில் ஒரு பக்கத்தைத் தட்டவேண்டும், மறு பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்க்கவேண்டும். தட்டுவது ஒரு வாரத்தில் வந்துவிடும். தேய்ப்பதற்கு மாதக்கணக்காகும். மணிக்கட்டு கொஞ்சம் இறுகினாலும் அந்த உறுமல் அறுந்து, நாற்காலியை இழுத்த சத்தம் வரும்.

2025 ஆகஸ்ட்டில் ஒருநாள் அப்படித்தான் ஒருவனுடைய உறுமல் அறுந்து அறுந்து வந்தது. பதினைந்து வயது, நன்றாக வாசிக்கிற பையன். குச்சி பிடித்த விரல்கள் தனியாகத் துடித்துக்கொண்டிருந்தன. எழுந்து நடந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டான். நான் திட்டவில்லை. வெளியே கூட்டிப்போய்த் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்ததும், “கேபாட்ண்ணே” என்றான்.

இந்தப் பிள்ளைகளுக்குச் சட்டம் தெரியாமல் இல்லை. பதினைந்து கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் மரண தண்டனை என்பது இவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பயம் ஹெராயினோடு நின்றுவிடுகிறது. கேபாட் அவர்கள் கைக்கு வேப் என்கிற மின்சிகரெட் உருவத்தில், பழ வாசனையோடு வந்தது. அதிலிருக்கும் எட்டோமிடேட் மருத்துவமனையில் நோயாளியை மயங்கவைக்கும் மருந்து என்று சொன்னபோது, அவன் உண்மையிலேயே திகைத்துப் போனான். செப்டம்பர் 1 முதல் அதை ‘சி’ வகைப் போதைப்பொருளாக அறிவித்தார்கள். முதல்முறை பிடிபடும் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு அப்போது 500 வெள்ளி அபராதம், கூடவே கட்டாய மறுவாழ்வு. தாமாக முன்வந்து உதவி கேட்பவர்களுக்குத் தண்டனை இல்லை என்றும் சொன்னார்கள். என்னைக் கேட்டால், சுவரொட்டியில் இந்தக் கடைசி வரியைத்தான் பெரிய எழுத்தில் போடவேண்டும். வீட்டில் மறைத்து வைத்துக்கொண்டு நடுங்கும் பிள்ளைக்குத் தேவை ஒரு கதவு. அது திறந்திருக்கிறது என்று யாராவது அவனிடம் சொல்லவேண்டும்.

அவன் அம்மாவிடம் நான்தான் சொன்னேன். அவர் அழுதார், அடிக்கக் கை ஓங்கினார், பிறகு அவனைக் கட்டிக்கொண்டார். குடும்பச் சேவை நிலையத்துக்கு மூவரும் சேர்ந்து போனோம். அங்கிருந்த சமூக ஊழியர் அவனிடம் ஒரு மணி நேரம் காற்பந்து பற்றித்தான் பேசினார். அடுத்த வாரமும் அவன் தானாகவே போனான்.

வேப் கருவிகளைப் பெயர் சொல்லாமல் போட்டுவிட்டு வர, சில சமூக மன்றங்களில் அப்போது தொட்டிகள் வைத்திருந்தார்கள். ஒரு மாலை அவனோடு நடந்தேன். தொட்டிக்கு முன்னால் பையைத் திறக்காமல் நின்றான். “யாரும் பாக்கலியேண்ணே?” என்றான். “நான் பாக்குறேன்” என்றேன். உள்ளே போட்டான். திரும்பும் வழியில் ஒன்றும் பேசவில்லை. புரோட்டா கடையில் மட்டும் முட்டைப் புரோட்டா மூன்று கேட்டான்.

அதன்பிறகு ஒருமுறை சறுக்கினான். மறைக்காமல் வந்து சொன்னான். சமூக ஊழியர் சந்திப்பை வாரத்துக்கு இரண்டாக்கினார்.

சனிக்கிழமைச் சாப்பாட்டை இப்போது கொண்டுவருவது என் தம்பி. லாரி ஓட்டுகிறான். மூன்று மணிக்கு வண்டியை நிறுத்திவிட்டுப் பொட்டலங்களோடு மாடியேறி வருவான். பையன்களுக்கு அவன் கதை தெரியும், அவனே சொல்லியிருக்கிறான். பன்னிரண்டு பொட்டலம் வாங்கி, ஒன்று மிஞ்சினால், யாருடையது என்று கேட்காமல் அடங்கமாட்டான். சென்ற வாரம் மிஞ்சியதை, அன்று வராத பையன் வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத்தான் வேலைக்குத் திரும்பினான்.