வரவேற்பு மேசைக்கு மார்க் போட்ட புத்தகங்கள்

வழிகாட்டிப் புத்தகம் என்றால் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் ஒரு பயம் உண்டு. நல்லதாக ஒரு வரி வந்துவிட்டால் சீசன் முழுக்க றூம் நிரம்பும். கெட்டதாக வந்தால் அடுத்த பதிப்பு வரும்வரை அந்த வரியோடுதான் காலம் தள்ள வேண்டும். மட்டக்களப்பாருக்கு இது புதிதல்ல. யுத்த காலத்தில் எங்கள் ஊரே எச்சரிக்கைக் குறிப்பாகத்தான் இருந்தது. 2009க்குப் பிறகுதான் பாசிக்குடாவும் ஒல்லாந்தர் கோட்டையும் வெளிநாட்டார் நிம்மதியாக வந்து பார்க்கிற இடங்களாயின.

நான் கல்லடியில் ஒரு சிறிய கெஸ்ட்ஹவுஸில் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். விருந்தாளிகள் விட்டுவிட்டுப் போகும் புத்தகங்களுக்கென்று எங்களிடம் ஒரு அலுமாரி உண்டு. அதில் லோன்லி பிளானட் வழிகாட்டிகள்தான் அதிகம். அந்த அலுமாரிக்கு ஒருபோதும் வந்து சேராத ஒரு வகைப் புத்தகம் இருக்கிறது என்பதை, துணைவரோடு வந்து தங்கிய வயதான ஜெர்மன்காரர் ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன். 'ஸ்பார்ட்டகஸ்' என்று பெயராம், தன்பாலீர்ப்புள்ள ஆண்களுக்கான பயண வழிகாட்டி. இளமையில் எந்த நாட்டுக்குப் போனாலும் உடுப்புக்கு அடியில் அது இருக்குமாம். "அதை நாங்கள் எந்த ஹோட்டலிலும் விட்டுவிட்டுப் போனதில்லை" என்றார். றூம் துடைக்க வருபவர் எடுத்துப் பார்த்தால் என்ன ஆகும் என்று எனக்கு விளக்கத் தேவையில்லை. மறுகா நானே தேடித்தேடி வாசித்தேன்.

இந்த வகைப் புத்தகத்துக்கு வயது அதிகம். பெர்லினில் 1928இலேயே ருத் ரோலிக் என்ற பெண் எழுத்தாளர், தன்பாலீர்ப்புள்ள பெண்கள் கூடும் கழகங்களையும் நடன மண்டபங்களையும் பற்றி ஒரு நூல் எழுதினார். 1931இல் குர்ட் மோரெக்கின் இரவு நேரப் பெர்லின் வழிகாட்டி வந்தது. இரண்டு வருடத்தில் நாஜிகள் ஆட்சிக்கு வந்து அந்தக் கடைகளை மூடினார்கள். முகவரி எழுதி வைப்பதில் உள்ள ஆபத்து அதுதான். தேடிப் போகிறவனுக்கு எது வழி காட்டுகிறதோ, அதுவே பொலிஸுக்கும் வழி காட்டும்.

அமெரிக்காவில் 1960களில்தான் இது ஒழுங்கான தொழிலாகியது. சான் பிரான்சிஸ்கோவில் பார் நடத்திய பொப் டாம்ரன், தான் ஊர் ஊராகப் போய்ச் சேர்த்த முகவரிகளைப் பையில் அடங்கும் சிறு புத்தகமாக அச்சிட்டார். அதில் வர்ணனை கிடையாது. கடையின் பெயர், தெரு, பக்கத்தில் சில எழுத்துகள், அவ்வளவுதான். நடனம் உண்டென்றால் ஓர் எழுத்து, பெண்கள் வருவார்களென்றால் ஓர் எழுத்து, கறுப்பினத்தவர் அதிகம் வரும் இடமென்றால் இன்னொன்று. நான்கெழுத்துக் குறி ஒன்றும் இருந்தது: ஏ.வை.ஓ.ஆர். போவதென்றால் உன் பொறுப்பில் போ என்று அர்த்தம். 1936இல் ஹார்லெம் தபால்காரர் விக்டர் ஹியூகோ கிரீன், கறுப்பின மக்களுக்கு எந்த ஊரில் படுக்க இடம் தருவார்கள், எங்கே சாப்பிட விடுவார்கள் என்று பட்டியல் போட்ட 'கிரீன் புக்'கும் இதே தேவையில் பிறந்ததுதான்.

ஸ்பார்ட்டகஸ் 1970இல் இங்கிலாந்தில் தொடங்கியது. பிறகு ஆம்ஸ்டர்டாம், அப்புறம் பெர்லின் என்று இடம் மாறி 2017 வரை அச்சில் வந்தது. பெண்களுக்கென்று 1970களின் நடுவில் 'கையாஸ் கைட்' வந்தது. டாம்ரனின் பழைய பதிப்புகளை எரிக் கொன்சாபா, அமண்டா ரீகன் என்ற இரண்டு வரலாற்றாசிரியர்கள் எடுத்து, முகவரி முகவரியாக இணைய வரைபடத்தில் பதித்திருக்கிறார்கள். வருடத்தை மாற்ற மாற்றப் புள்ளிகள் கூடுவதும் குறைவதும் தெரிகிறது. எய்ட்ஸ் பரவிய நாட்களில், 1984இல், சான் பிரான்சிஸ்கோ நகரம் ஆண்களின் குளியல் விடுதிகளை மூட உத்தரவிட்டது. அப்படி மூடப்பட்ட பல இடங்களுக்கு இன்று மிஞ்சியிருக்கிற அடையாளம் அந்தப் பழைய பக்கங்களில் உள்ள ஒரு வரி மட்டும்தான்.

இதையெல்லாம் வாசித்தபோது, என் வேலையைப் பற்றித்தான் இவ்வளவும் எழுதியிருக்கிறார்கள் என்று பட்டது. கடலும் கோட்டையும் எல்லாப் புத்தகத்திலும் உண்டு. மேசையில் நிற்பவன் சாவியைக் கொடுக்கும்போது முகத்தை எப்படி வைத்திருப்பான், இரண்டாவது தரம் ஏறிட்டுப் பார்ப்பானா, பின்னால் நின்று யாரோடாவது சிரிப்பானா என்பதை முன்கூட்டியே அறியத்தான் இவர்கள் காசு கொடுத்துப் புத்தகம் வாங்கினார்கள்.

எங்கள் ஊர் நடைமுறை இந்தப் பயத்தோடு சரியாகப் பொருந்தாது என்பது வேறு கதை. இங்கே இரண்டு ஆண்கள் வந்து ஒரு றூம் கேட்டால் யாரும் எதுவும் யோசிப்பதில்லை. வேலை விஷயமாக அக்கரைப்பற்றிலிருந்து வந்தவர்கள், கொழும்பு ரயிலைத் தவறவிட்டவர்கள், யாராகவும் இருக்கலாம். தோளில் கைபோட்டுக்கொண்டு கடற்கரையில் நடந்தாலும் கவனிக்க ஆளில்லை. ஒரு பொடியனும் பெட்டையும் வந்தால்தான் அடையாள அட்டை, முகவரி, கல்யாணம் முடித்தவர்களா என்ற விசாரணை எல்லாம். உள்ளூர்ப் பெண்கள் இரண்டு பேர் தனியாக வந்தால் அவர்களுக்கும் கேள்வி உண்டு, வேறு காரணத்துக்காக. அந்த ஜெர்மன்காரரும் துணைவரும் இருந்த நாட்களில் துப்புரவு பார்க்கும் அக்கா ஒருநாள் கேட்டா: "அவங்க ஆரு மனே, அண்ணன் தம்பியா?" "கூட்டாளிமார் அக்கா" என்றேன். "ஓம், நல்ல ஒற்றுமை" என்று சொல்லிவிட்டுத் துவாய்களை எடுத்துக்கொண்டு போனா. அவவுக்கு விளங்கவில்லை என்று நான் நினைக்கவில்லை.

ஆனால் இந்தக் கண்டுகொள்ளாமை பாதுகாப்பு அல்ல. தன்பாலினத்தவர் இடையிலான உறவைக் குற்றமாக்கும் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் 1883ஆம் ஆண்டுச் சட்டத்தின் மிச்சம். 1995இல் அதைத் திருத்தினார்கள். நீக்குவதற்காக அல்ல, ஆண்கள் என்றிருந்ததைப் பொதுவாக்கிப் பெண்களையும் உள்ளே கொண்டுவந்தார்கள். இந்தியாவில் 2018இல் உச்ச நீதிமன்றம் 377ஆம் பிரிவின் கீழ் இதைக் குற்றம் என்று பார்ப்பதை நிறுத்தியது. இங்கே 2023இல், அந்தப் பிரிவுகளை மாற்றப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று எங்கள் உயர் நீதிமன்றம் சொன்னது. சட்டமூலம் பாராளுமன்றத்தில் நிறைவேறவில்லை. அதனால் நான் எவ்வளவு மரியாதையாகச் சாவி கொடுத்தாலும் வாசலுக்கு வெளியே அந்த மரியாதைக்கு நான் பொறுப்பு நிற்க முடியாது.

இப்போது புத்தகம் போய், றூம் பதிவு செய்கிற இணையத்தளங்களில் சரி அடையாளம் போடுகிற ஒரு கட்டம் வந்திருக்கிறது. உங்கள் விடுதி தன்பாலீர்ப்பாளர்களுக்கு நட்பானதா, ஆமென்றால் சரி போடுங்கள் என்கிறார்கள். முதலாளி போட வேண்டாம் என்றார், பக்கத்து வீட்டாரை நினைத்து. நானும் வேண்டாம் என்றேன், ஆனால் என் காரணம் வேறு. டாம்ரனின் புத்தகத்தில் ஒரு கடை இருந்ததென்றால், வேறு யாரோ அங்கே போய், இருந்து, பத்திரமாகத் திரும்பி வந்து எழுதியது. அந்தச் சான்றிதழைக் கடைக்காரன் தனக்குத் தானே எழுதிக்கொள்ளவில்லை. இந்தக் கட்டத்தில் சரி போடுவது நான். விருந்தாளி அதை நம்பி வந்து, ஆட்டோக்காரரிடமோ கடற்கரையில் நிற்கிற இளந்தாரிகளிடமோ மாட்டினால் அந்தச் சரிக்கு என்ன பெறுமதி?

ஆகவே கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு, கேட்டு எழுதுபவர்களுக்கு ஒவ்வொருவராகப் பதில் போடுகிறேன். பெரிய கட்டில் உள்ள றூம் இருக்கிறது, மேசையில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், சட்டம் இன்னும் மாறவில்லை, இரவில் வெளியே போவதென்றால் எனக்குத் தெரிந்த தம்பியின் ஆட்டோவை அனுப்புவேன், அதன் கூலி தனி.